பதினாறு வயதில் நான்கு மாதம் வேறொரு பள்ளி

(நம் குடியிருப்பின் காலாண்டுக் கூட்டத்தில், சமூகக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் ஏ பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை.)

தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், மொட்டை மாடியில் யார் கொடி கட்டுவது என்ற மூன்று பெரிய விவகாரங்களும் முடிந்த பிறகு எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார் செயலாளர். போண்டா ஆறுவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன்.

இந்தத் தலைப்பு சி பிளாக்கில் உள்ள ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. அவருடைய பேரன் அமெரிக்காவில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். அடுத்த வருஷத்தில் பாதியைத் தன் பள்ளியில் படிக்காமல், எங்கோ மலைக்காட்டில் உள்ள ஒரு பள்ளிக்குப் போய்ப் படிக்கப் போகிறேன் என்கிறானாம். "பையன் ஏதாவது வம்பில் மாட்டிக்கொண்டானா, அதனால் அனுப்புகிறார்களா?" என்று அந்த அம்மா கேட்டார். என் பேத்தி அப்படி ஒரு பள்ளிக்குப் போய் வந்தவள் என்பதால் என்னைக் கேட்டார். நம் நான்கு பிளாக்கிலும் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கும் வீடுகள் நிறைய. நாளைக்கு உங்களுக்கும் ஒரு வீடியோ அழைப்பில் இந்தச் செய்தி வரலாம்.

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அமெரிக்காவில் கட்டுக்கு அடங்காத பிள்ளைகளையும் போதைப் பழக்கத்தில் விழுந்தவர்களையும் காட்டுக்கு அனுப்பிச் சரிசெய்கிறோம் என்று சொல்லும் முகாம்கள் உண்டு. அவற்றின் மேல் வழக்குகளும் புகார்களும் ஏராளம். நாம் பேசுவது அதைப் பற்றி அல்ல. இதற்கு செமஸ்டர் ஸ்கூல் என்று பெயர். பிள்ளையே விண்ணப்பித்து, கட்டுரை எழுதி, ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி, தேர்வாகிப் போகிற இடம் இது. பெரும்பாலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள். ஆகஸ்டில் தொடங்கி டிசம்பரில் முடியும் ஒரு பருவம், அல்லது ஜனவரியில் தொடங்கி மே மாதம் முடியும் ஒரு பருவம். வருஷத்தின் மற்ற பாதியை வழக்கமான பள்ளியில் படிப்பார்கள். மதிப்பெண் சான்று இங்கிருந்து அங்கே போகும், சொந்தப் பள்ளி அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

நம் ஊரில் இது ஏன் இல்லை என்று உடனே கேட்பீர்கள். பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்து ஒரே ஓட்டம் நமக்கு. 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும், முடிவில் ஒரே பொதுத்தேர்வு, அதன் மேல் நீட், ஜே.ஈ.ஈ. நடுவில் ஒருவர் இறங்கி நான்கு மாதம் கழித்து ஏறிக்கொள்ள வழியில்லை. அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக மதிப்பலகு. அதனால் பருவத்தைப் பிரித்து எடுத்து வேறு இடத்தில் வைக்க முடிகிறது.

இதில் வழிகாட்டி என்று சொல்லத்தக்கது வெர்மான்ட் மாநிலத்தில் வெர்ஷயர் என்ற சிற்றூரில் இருக்கும் மவுன்டன் ஸ்கூல். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் என்ற இரண்டு மாநிலப் பெயர்களையும் ஒட்டுப்போட்டு அந்த ஊருக்குப் பெயர் வைத்தார்களாம், நாம் பேரனுக்கு இரண்டு தாத்தா பெயரையும் சேர்த்து வைப்பதைப்போல. பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள மில்டன் அகாடமி என்ற பழைய பள்ளி 1984-இல் அங்கே இந்தப் பருவப் பள்ளியைத் தொடங்கியது. ஒரு பருவத்துக்கு 45 பேர் அளவில்தான் சேர்க்கிறார்கள். பள்ளியே ஒரு பண்ணை. பிள்ளைகள் காய்கறி பயிரிடுவார்கள், ஆடு மாடு பார்ப்பார்கள், விறகு வெட்டுவார்கள், சமையலறையில் முறை போட்டு வேலை செய்வார்கள். ஆங்கிலமும் சுற்றுச்சூழல் அறிவியலும் எல்லோருக்கும் கட்டாயம். கணிதம், வரலாறு, மொழிப் பாடம் எல்லாம் சொந்தப் பள்ளியில் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அதைப் பார்த்து மற்றவை வந்தன. மெய்ன் மாநிலத்தில் விஸ்காசெட் ஊரில் செவாங்கி என்ற நிறுவனம் 1988-இல் தொடங்கியது, கடலோர உப்புச் சதுப்பை ஒட்டிய பண்ணையோடு. கொலராடோவில் லெட்வில் என்ற பழைய வெள்ளிச் சுரங்க ஊரில் ஹை மவுன்டன் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. அந்த ஊரின் உயரம் சுமார் 3,100 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். அங்கே பிள்ளைகள் முதுகில் மூட்டையோடு வாரக்கணக்கில் மலையிலும் பள்ளத்தாக்கிலும் நடப்பார்கள், பாடமும் கூடவே நடக்கும். 1999-இல் பஹாமாஸ் தீவுகளில் எலூத்ரா என்ற தீவில் ஐலண்ட் ஸ்கூல் வந்தது. அங்கே கூரையில் விழும் மழைநீரைத்தான் சேமித்துக் குடிக்கிறார்கள் (நம் மழைநீர்த் தொட்டியைப் போன மழைக்கும் யாரும் சுத்தம் செய்யவில்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்). பயணிகள் கப்பலில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி வண்டிக்கு டீசல் தயாரித்தார்கள். பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து பிள்ளைகள் கடல் ஆய்வும் செய்கிறார்கள். அதில் ஒன்று சிங்கமீன். நம் பக்கத்து இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் இயல்பாக வாழும் மீன் அது. அட்லாண்டிக்கில் புகுந்து அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது.

எல்லாம் காடும் கடலும் அல்ல. கலிபோர்னியாவில் நாப்பா ஊரில் ஓவியம், சிற்பம் போன்ற கலைகளை மையமாக வைத்து ஆக்ஸ்போ ஸ்கூல் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வாஷிங்டன் நகரத்தில் அறநெறியும் பொது விவகாரமும் படிக்கிற பருவப் பள்ளி 2009 முதல் இருக்கிறது.

இந்த எண்ணத்துக்குப் பின்னால் போனால் குர்ட் ஹான் என்ற ஜெர்மானிய யூத ஆசிரியரிடம் போய் நிற்கும். 1920-இல் சாலெம் என்ற இடத்தில் பள்ளி தொடங்கினார் (நம் சேலம் அல்ல). ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933-இல் சிறைப்பட்டு, விடுதலையாகி பிரிட்டனுக்குப் போனார். 1941-இல், போர்க்காலத்தில், வேல்ஸ் கடற்கரையில் அவுட்வர்ட் பவுண்ட் என்ற பயிற்சிப் பள்ளியை ஒரு கப்பல் கம்பெனி முதலாளியோடு சேர்ந்து ஆரம்பித்தார். கப்பல் மூழ்கினால் இளம் மாலுமிகள் தாக்குப்பிடிக்கும் மனத்திடம் பெற வேண்டும் என்பதுதான் அன்றைய நோக்கம். அந்தப் பயிற்சி 1960-களில் அமெரிக்காவுக்குப் போய் வேரூன்றியது. இன்று மவுன்டன் ஸ்கூல் போன்ற இடங்களில் பிள்ளைகளைக் காட்டில் சில நாட்கள் தனியாக இருக்க வைக்கிறார்களே, அந்த வழக்கம் இந்த மரபில் வந்தது. தனியாக என்றால் கூப்பிடு தூரத்தில் ஆசிரியர்கள் கண்காணிப்பு இருக்கும். ஆனால் பேச்சுத் துணை கிடையாது, ஃபோன் கிடையாது.

இனி என் பேத்தி கதை. அவள் படித்த பள்ளியின் பெயரைச் சொல்லமாட்டேன். அவளிடம் அனுமதி வாங்கவில்லை, இந்த இதழ் இணையத்தில் வருகிறது, அவள் படிப்பாள். நியூ இங்கிலாந்துப் பக்கத்தில் ஒரு பண்ணைப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி மாதம் போனாள். மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரி குளிர். ஒரு மரக்குடிலில் ஆறு பெண்பிள்ளைகள், நடுவில் ஒரு விறகு அடுப்பு. சூடு வேண்டுமானால் அவர்களே விறகு பிளந்து, அடுக்கி, தீ மூட்டிக்கொள்ள வேண்டும். இரவு மூன்று மணிக்கு ஒருவர் எழுந்து விறகு போட வேண்டும், முறை வைத்து.

இரண்டாவது வாரம் அவள் முறை. எழுந்திருக்கவில்லை. காலையில் அறைக்குள் இருந்த தண்ணீர்ப் பாட்டிலில் ஐஸ் கட்டியிருந்தது. ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்த ஒரு பெண் போர்வையைச் சுற்றிக்கொண்டே காலைச் சாப்பாட்டுக்குப் போனாளாம். ஆசிரியர் திட்டவில்லை. மதிப்பெண் குறைக்கவில்லை. "யாரும் ஒன்றும் சொல்லவில்லை ஆச்சி, அதுதான் தாங்க முடியவில்லை" என்று எனக்குக் கடிதம் எழுதினாள். அதற்குப் பிறகு அந்த நான்கு மாதத்தில் அவள் ஒரு முறையும் தவறவிடவில்லை. இதே பிள்ளையை எழுப்ப என் மகள் பதினாறு வருஷமாகக் காலையில் நான்கு தடவை மாடிப்படி ஏறினாள்.

நான் 34 வருஷம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினவள். அந்த வயதுப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒரு நாள் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்றால் யாருக்கு நஷ்டம்? அவர்களுக்கு மட்டும்தான், அதுவும் ஒரு மதிப்பெண். அவர்கள் வேலை செய்வதை நம்பி வீட்டில் யாரும் இல்லை, பள்ளியிலும் யாரும் இல்லை. "நீ படி, அது போதும்" என்று தட்டைக்கூட எடுக்கவிடமாட்டோம். உடம்பில் பலமும் மனதில் வேகமும் உச்சத்தில் இருக்கிற வயதில், இவர்கள் இல்லாவிட்டாலும் எதுவும் நிற்காது என்ற நிலையில் வைத்திருக்கிறோம். அந்தப் பள்ளியில் இவள் தூங்கிவிட்டால் ஐந்து பேர் குளிரில் நடுங்குவார்கள். இவள் கதவை ஒழுங்காகச் சாத்தாவிட்டால் கோழியை நரி கொண்டுபோகும். அந்த நான்கு மாதத்தில் எனக்குப் பெரியதாகப் பட்டது இது ஒன்றுதான். இயற்கை அழகு, தன்னம்பிக்கை என்று விளம்பரப் புத்தகத்தில் போடுவதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மார்ச் மாதம் மேப்பிள் மரத்தில் சாறு இறக்கினார்கள். ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாறு காய்ச்ச வேண்டும். நாள் முழுக்கக் கொதி, ராத்திரி முழுக்கக் காவல். அவள் அதை விவரித்து எழுதினதும் எனக்கு உடன்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சுகிற கொட்டகை வாசனை வந்துவிட்டது. கருப்பட்டி பற்றிப் பதில் எழுதினேன். அந்தக் கடிதத்தை வகுப்பில் வாசித்துக் காட்டினாளாம். கோழி அறுக்கிற நாளும் ஒன்று உண்டு. எங்கள் வீடு சைவம். விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார்கள். அவள் விலகவில்லை, நின்று பார்த்தாள், தண்ணீர் சுமந்து கொடுத்தாள், சாப்பிடவில்லை. இதைப் பற்றி எனக்கும் என் மகளுக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை.

இப்போது பணம். பல பள்ளிகளில் ஒரு பருவத்துக்கு 30,000 டாலரைத் தாண்டும். நம் கணக்கில் 25 லட்சம் ரூபாய்க்கு மேல். அரசுப் பள்ளியில் இலவசமாகப் படிக்கும் பிள்ளைக்கு இது முழுக்கக் கூடுதல் செலவு. தனியார் பள்ளிப் பிள்ளைக்குச் சில பள்ளிகள் அந்தப் பருவத்துக் கட்டணத்தை விட்டுக்கொடுக்கும், எல்லாப் பள்ளிகளும் அல்ல. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை உண்டு. என் பேத்திக்கு ஒரு பகுதி அப்படித்தான் கிடைத்தது. ஆனாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே அதிகம் என்பதை மறைக்க முடியாது. விஸ்கான்சினில் கன்சர்வ் ஸ்கூல் என்று ஒன்று இருந்தது. ஒரு தொழிலதிபர் விட்டுச்சென்ற சொத்தில் நடந்தது. பருவப் பள்ளியான ஆரம்ப வருஷங்களில் கட்டணமே வாங்கவில்லை. 2020-இல் அதை மூடிவிட்டார்கள். எனக்கு அது வருத்தம்.

என் தம்பி அம்பாசமுத்திரத்தில் வாழை போடுகிறவன். தொகையைக் கேட்டதும் சொன்னான்: "அக்கா, பிள்ளையை நாலு மாசம் இங்கே அனுப்பச் சொல்லு. இருபத்தஞ்சு லட்சம் வேண்டாம், சாணி அள்ளவும் விடுறேன், மூணு வேளை இட்லியும் போடுறேன்." சிரித்தோம். ஆனால் யோசித்தால் அவன் சொன்னது நடக்காது. அவன் வீட்டுக்கு அவள் போனால் விருந்தாளி. மாட்டுப் பக்கம் போக விடமாட்டான். தம்பி மனைவி டம்ளரைக்கூடக் கழுவ விடமாட்டாள். "அமெரிக்காவில் இருந்து வந்த பிள்ளை" என்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும். சொந்தக்காரர்கள் பிரியத்தால் இந்த வேலையைச் செய்ய முடியாது, அந்நியர்கள்தான் செய்ய முடியும். தம்பி சொன்னதில் ஒரு உண்மை மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் வகுப்பில் காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, சட்டையில் வாடையோடு முதல் பீரியடுக்கு ஓடிவந்த பிள்ளைகள் உண்டு. அதற்கு யாரும் ஒரு மதிப்பெண் கொடுத்ததில்லை. தாமதமாக வந்ததற்கு வெளியே நிற்கத்தான் வைத்தது பள்ளிக்கூடம்.

பேரன் பேத்தி போகிறேன் என்று சொன்னால் அவர்கள் பெற்றோரை இரண்டு மூன்று விஷயம் விசாரிக்கச் சொல்லுங்கள். எந்தெந்தப் பாடம் தொடரும் என்று சொந்தப் பள்ளியில் எழுத்தில் வாங்க வேண்டும். என் பேத்தியின் பள்ளி வாய்வார்த்தையாகச் சரி என்றது. திரும்பி வந்த பிறகு, வேதியியல் ஆய்வக வகுப்பு கணக்கில் வராது என்றது. கோடை விடுமுறையில் ஆறு வாரம் அதை மறுபடி படித்தாள். வசந்தப் பருவத்தில் போனால் மே மாதத்து ஏ.பி. தேர்வுகளை அங்கேயே எழுத ஏற்பாடு உண்டா என்று கேட்க வேண்டும். மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று கேட்க வேண்டும். ஒவ்வாமை உள்ள பிள்ளை, மனநல சிகிச்சையில் இருக்கும் பிள்ளை என்றால் எதையும் மறைக்காமல் பள்ளியிடம் சொல்ல வேண்டும். கல்லூரி விண்ணப்பக் கட்டுரையில் எழுத நன்றாக இருக்கும் என்று பெற்றோர் தள்ளி அனுப்பினால் பிள்ளை அங்கே நாள் எண்ணிக்கொண்டிருக்கும். போக வேண்டும் என்று பிள்ளை தானாக இரண்டாவது தடவை கேட்கட்டும், அப்போது யோசியுங்கள் என்பேன்.

பெற்றோர் தயாராகாமல் இருப்பது திரும்பி வருகிற நாளுக்குத்தான். மே கடைசியில் வந்தாள். நான் அப்போது அங்கே இருந்தேன். முதல் மூன்று வாரம் வீட்டில் யாரோடும் ஒட்டவில்லை. குளியலறையில் அப்பா நேரமெடுத்தால் கோபம், தட்டில் சோறு மிஞ்சினால் கோபம். பழைய தோழிகள் நான்கு மாதத்தில் வேறு கூட்டாகிவிட்டார்கள். ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பாள், போட விறகு இல்லை. "நம்ம வீடு அவளுக்குப் பிடிக்கலம்மா" என்று என் மகள் அழுதாள். பிடிக்காமல் இல்லை. அங்கே அவளை நம்பி ஐந்து பேர் இருந்தார்கள், இங்கே ஒருவரும் இல்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை முழுக்க அவளிடம் விட்டுவிடு, கடைக்குப் போவதிலிருந்து பாத்திரம் வரை, நீ அடுப்படிப் பக்கம் போகாதே என்று மகளிடம் சொன்னேன். முதல் வாரம் சாம்பாரில் பருப்பு வேகவில்லை. ஒன்பதரை மணிக்குத்தான் சாப்பிட்டோம். மாப்பிள்ளை பீட்சாவுக்கு ஃபோன் போடப் போனார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். இப்போது அவள் கல்லூரியில் இருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் ஞாயிறு ராத்திரி சமையல் இன்னும் அவளுடையதுதான்.

கடைசியாக, தாத்தா பாட்டிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஐலண்ட் ஸ்கூல் போன்ற இடங்களில் கைபேசியே கிடையாது. மற்ற பல இடங்களிலும் மிகக் குறைந்த நேரம்தான். வீடியோவில் முகம் பார்க்க முடியாது. கடிதம் எழுதுங்கள். தபாலில் போய்ச் சேர இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அதனால் பிள்ளை கிளம்புவதற்கு முன்பே முதல் கடிதத்தைப் போட்டுவிடுங்கள். பேத்திக்குத் தமிழ் படிக்க வராது, நான் ஆங்கிலத்தில்தான் எழுதினேன், முடிவில் மட்டும் 'ஆச்சி' என்று தமிழில் கையெழுத்து. அதைப் பார்த்துப் பார்த்து வரைந்து, கடைசிக் கடிதத்தில் தன் பெயரைத் தமிழில் எழுதியிருந்தாள். ஒரு எழுத்துக்குக் கொம்பு திசை மாறியிருந்தது.

முறுக்கு, அதிரசம் பார்சல் மட்டும் அனுப்பாதீர்கள். குடிலுக்குள் தின்பண்டம் வைக்கக்கூடாது என்று பல இடங்களில் விதி. எலி வரும், அந்தப் பக்கம் கரடியும் உண்டு. நான் அனுப்பிய ஒரு கிலோ தேன்குழலைச் சமையலறைக்காரர் வாங்கி வைத்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எல்லோருக்கும் பங்கு போட்டாராம். ஆளுக்கு ஒன்றரை வந்ததாம்.